முஹர்ரம் பயானுக்குப் பிறகு

26 ஜூன் 2025, வியாழன்
மஃரிப் தொழுகைக்குப் பிறகு பிறை கண்டதாக ரேடியோவில் சொன்னார்கள். புது வருசம். எங்களுக்கு என்ன, வெடியா, புத்தாடையா? யாசீன் ஓதி துஆக் கேட்டேன். மறதி நோய் முற்றினாலும் இவர் ஆமீனுக்குத் தவறவில்லை. யா அல்லாஹ், திரும்பி வந்து கட்டின இந்த வீட்டிலேயே எங்களை இருக்க விடு.

27, வெள்ளி
முஹர்ரம் முதல் நாளென்றால் பள்ளிவாசலில் மௌலவியின் ஹிஜ்ரத் பயான்தான். நாயகம் மக்காவை விட்டுப் போன கதை ஒலிபெருக்கியில் வீட்டுக்குள்ளேயே கேட்டது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்தவள் வந்து பார்த்தால் இவர் பையில் சாரத்தையும் சேட்டையும் திணிக்கிறார்.
"போகச் சொல்லிட்டாங்கள். கேக்கேல்லையோ? பிள்ளையத் தூக்கு."
பிள்ளையாம்! மகள் றுமைஸா புத்தளத்தில், அவளுக்கே மூன்று பிள்ளைகள். தொண்ணூறில் இயக்கம் எங்கள் முஸ்லிம் சனத்தை எல்லாம் ஊரை விட்டு விரட்டினதும் ஒலிபெருக்கியில்தான். இது பயான், அது வேறு என்று எப்படிச் சொல்லிப் புரியவைக்க?

29, ஞாயிறு
கதவைப் பூட்டி வைத்திருக்கிறேன். கட்டின புருசனை. உள்ளேயிருந்து தட்டுகிறார்.

1 ஜூலை
பூட்ட மறந்து கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்துப் போய்விட்டார். தெருவே தேடியது. கடைசியில் குருநகர் மீன்காரி ஜெனிற்றா ஓட்டோவில் கொண்டுவந்தாள். கொழும்புத்துறைக் கரையில், வெயிலுக்குள், செருப்புமில்லாமல் நின்றிருக்கிறார்.
"பொம்பிளையும் பிள்ளையும் பின்னால வருகினம் எண்டு நிக்கிறார் அக்கா. நீங்கள் ஓட்டோவுக்குள்ள இருக்கிறியள் எண்டு பொய் சொல்லித்தான் ஏத்தினனான்."
அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன்.
போனில் மகள்: "இன்னும் என்ன உம்மா பிடிவாதம்? இங்க வாங்க."
வைத்துவிட்டேன். அண்டைக்குத் துரத்தினாங்கள், போனன். இண்டைக்கு ஆரும் துரத்தேல்லை. நானாப் போகோணுமோ?

4, வெள்ளி
மௌலவி வந்தார். சத்தத்தைக் குறைக்கிறோம் என்றார். பாவம், அவர் மேல் என்ன பிழை? இவர் அவருடைய கையைப் பிடித்து, "நீங்களும் கெதியா வெளிக்கிடுங்கோ" என்கிறார்.

5, சனி
ஒன்பதாம் நோன்பு. இவரை எத்தனை நாளைக்குப் பூட்டி வைக்க? மகளுக்குச் சொல்லிவிட்டேன், வான் அனுப்பச் சொல்லி.

6, ஞாயிறு. ஆஷூரா
நோன்போடுதான் வெளிக்கிட்டேன். வீட்டைப் பூட்டக் கை வரவில்லை, வானோடு வந்த மருமகன்தான் பூட்டினார். இவர் முதல் ஆளாய் ஏறி இருந்துவிட்டார். ஊரை விட்டு நாவற்குழிப் பாலம் தாண்டினதும் என் கையைப் பிடித்தவர், புத்தளம் வந்து சேரும் மட்டும் விடவில்லை. முகத்தில் அந்தப் பதற்றம் இல்லை.
மகள் வீட்டில் இறங்க, நோன்பு திறக்கும் பாங்கு சொன்னது. பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு துஆக் கேட்கிறேன், காதுக்குள் சொல்கிறார்:
"இனிப் பயப்பிடாதை. உன்னைப் பத்திரமாக் கொண்டு வந்து சேத்திட்டன்."
"ஓம், சேத்திட்டீங்கள்" என்றேன்.