நீல விமானம் உன்னுடையது

அன்புள்ள மனைவி செலின் மேரிக்கு,

விளையாட்டில் நான் முன்கூட்டியே சொன்னபடி எல்லாம் நடந்துவிட்டது. அதற்கு முன், உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வில்லியனூரில் மருந்து வாங்கினாயா? மாதா புண்ணியத்தில் குவைத்தில் நான் நலம்.

எங்கள் லேபர் கேம்ப் ரூமில் இரண்டாம் உலகப் போர் விமானங்களை வரைபடத்தின் மேல் நகர்த்தி ஆடும் அட்டை விளையாட்டு ஒன்று இருக்கிறது. விமானம் எந்தப் பக்கம் திரும்பும், எவ்வளவு உயரம் ஏறும் என்று இருவரும் ரகசியமாகச் சீட்டில் எழுதி, ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டும். எதிராளியின் மனசைப் படிப்பவன்தான் ஜெயிப்பான். வெள்ளிக்கிழமை பாகூர் சேவியர்ராஜை ஏழு முறை வீழ்த்தினேன். அவன் இடப்பக்கம் திரும்புவான் என்றேன், திரும்பினான். கேம்பே கூடி நின்று கைதட்டியது.

“இன்னா பாஸ்கலு, என் சீட்ட ஒளிஞ்சி பாத்தியா?” என்று கத்தினான்.

“வானத்துல நான் பருந்துடா, நீ கோழிக்குஞ்சு” என்றேன்.

அன்றிலிருந்து உட்கார முடியவில்லை. மேசையைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன்.

கேம்ப் வாசலில் கடை வைத்திருக்கும் காஜா மொய்தீன் பாய் லீவில் ஊருக்கு வருகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தோடு விளையாட்டு வரைபடத்தின் நகலும் தந்திருக்கிறேன். நீல விமானம் உன்னுடையது. அது எந்தப் பக்கம் திரும்பும் என்று நீயே எழுதி, மடித்து ஒட்டி, அவர் திரும்பும்போது கொடுத்தனுப்பு. போனில் சொல்லிவிடாதே. கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் வை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சேவியர்ராஜ் வேறு கேம்புக்குப் போய் இரண்டு மாதமாகிறது. வெள்ளிக்கிழமை அவன் சீட்டையும் நானேதான் எழுதினேன்.

உன் மாமா,
பாஸ்கல்