சொட்டுக் காப்பியும் சிரிலின் நாக்கும்

மார்ச் 4, 2025, செவ்வாய்

ஆஸ்பத்திரி. என் வீட்டுக்காரர் சிரிலின் எடை ஐம்பத்து மூன்று. போன வருடம் இதே மாதம் எழுபத்தொன்று.

கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து எட்டு வாரம் ஆகிறது. தொண்டையில் கட்டி இல்லை என்று டாக்டர் சந்தோஷமாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு சாப்பாட்டு ஆலோசகர் ஷாமினி என்னைத் தனியாக உட்கார வைத்தாள். ஏப்ரல் பதினைந்தாம் தேதி மறுபடி வர வேண்டும். அன்றைக்கு எடை ஐம்பதுக்குக் கீழே போயிருந்தால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடுவார்கள். "அங்கிளால விழுங்க முடியுது ஆன்டி. நாக்குல ருசி இல்ல, அதான் விழுங்க மாட்டேங்கிறாரு," என்றாள். ருசி எப்போது வரும் என்று கேட்டேன். சிலருக்கு மூன்று மாதம், சிலருக்கு ஒரு வருடம், சிலருக்கு... என்று இழுத்துவிட்டு ஏப்ரல் தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்தாள்.

மத்தியானம் மீன் கஞ்சி. சிரில் மூன்று கரண்டி குடித்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். "நல்லாருக்கு," என்றார்.

இருபத்தேழு வருடத்தில் இந்த மனுஷன் என் சமையலை நல்லாருக்கு என்று சொன்னதே கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகூடக் குறை சொல்கிற நாக்கு. இப்போது எதை வைத்தாலும் நல்லாருக்கு. அந்த வார்த்தையைக் கேட்டாலே தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு நேராக வேலைக்குப் போனேன். இந்தத் தவக்காலத்துக்குக் காப்பியை விட்டுவிட்டேன். ஈஸ்டர் வரைக்கும் ஒரு சொட்டு கிடையாது. நான் ஒரு நாளைக்கு நாலு கிளாஸ் குடிக்கிறவள். பத்து மணிக்கே தலை விண்விண் என்று தெறித்தது.

ஏன் காப்பியை விட்டாய் என்று சிரில் கேட்டார். சும்மா என்றேன்.

சும்மா இல்லை. இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸ். அவருக்கு நோய் என்று யாருக்கும் தெரியாத காலம். சிங்கப்பூரிலிருந்து மகன் மார்க் வந்திருந்தான். கிள்ளானிலிருந்து நாத்தனார் கேரன் குடும்பத்தோடு வந்திருந்தாள். விடியுமுன் எழுந்து ஆட்டுக்கறிப் பிரட்டல் வைத்திருந்தேன். அத்தனை பேர் முன்னாலும் இவர் ஒரு வாய் வைத்தார், "பட்டை தூக்கலா இருக்கு. உப்பு ஏறல," என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். "உங்க நாக்கு ஒரு நாள் செத்துப் போகணும், அப்பத்தான் எனக்கு நிம்மதி," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும்தான்.

செத்துப்போச்சு. இப்ப நிம்மதியா பெர்னடெட்? திருப்தியா உனக்கு?

மார்ச் 11, செவ்வாய்

ரசம், நல்லாருக்கு. அரைவேக்காட்டு முட்டை, நல்லாருக்கு. ஆஸ்பத்திரியில் கொடுத்த பால்மாவு, அதுவும் நல்லாருக்கு. போதும்டா சாமி.

மார்ச் 14, வெள்ளி

எங்கள் ஃபேக்டரி லைனில் ஹோவா என்று ஒரு வியட்நாம்காரி இருக்கிறாள். பாக்கிங் வேலை. ஆறு வருடமாக என் பக்கத்து நாற்காலி. அவளுடைய மலாய் உடைசல், அவளுக்காக நானும் என் மலாயை உடைத்துக்கொண்டு பேசுவேன். அப்படியே எல்லாக் கதையும் பேசியாகிவிட்டது.

பத்து மணி பிரேக்கில் அவள் எப்போதும் ஒரு பாட்டிலில் ஐஸ் காப்பி கொண்டுவருவாள். தார் மாதிரி கறுப்புக் காப்பி, அடியில் கெட்டியான இனிப்பு டின்பால். இன்றைக்கு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டிலை நீட்டினாள். தவக்காலம், குடிக்க மாட்டேன் என்றேன். அப்படியானால் உன் வீட்டுக்காரருக்குக் கொண்டுபோ என்று என் பைக்குள் சொருகிவிட்டாள். கேன்டீனில் ஐஸ் வாங்கிச் சுற்றி வைத்து, சாயங்காலம் வரை காப்பாற்றிக் கொண்டுவந்தேன்.

கிளாஸில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். நான் நல்லாருக்குக்குத் தயாராக நின்றேன். அது வரவில்லை. கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"கசக்குது," என்றார்.

எனக்குக் கையில் இருந்த துணி கீழே விழுந்துவிட்டது. கசக்குது! இரண்டு மாதத்தில் அந்த நாக்கு சொன்ன முதல் செய்தி. முழுக் கிளாஸும் காலி.

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஹோவா சுங்கை வேயில் இருக்கிற எங்கள் வீட்டுக்கே வந்தாள். அவளுக்கு இந்த மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் முடிகிறது. ஊருக்குப் போகிறாள், இனிமேல் வரமாட்டாள். போவதற்குள் உனக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன் என்று ஒரு பையோடு வந்து நின்றாள். பையில் அரைப் பாக்கெட் வியட்நாம் தூள், ஒரு டின்பால், அப்புறம் காப்பி இறக்குகிற ஒரு சாமான். ஃபின் என்கிறாள். கிளாஸின் வாய்மேல் தொப்பி மாதிரி உட்காருகிற சின்ன அலுமினியக் கிண்ணம், அடியில் பொடிப்பொடி ஓட்டை. உள்ளே தூளை மூடுவதற்கு இன்னொரு ஓட்டைத் தட்டு.

மூன்று கரண்டி டின்பால் கிளாஸில். இரண்டு கரண்டி தூள் ஃபின்னில். தட்டை வைத்து லேசாக ஒரு அமுக்கு. முதலில் கொஞ்சம் கொதிநீர், தூள் ஊறி உப்பட்டும். பிறகு நிறைய ஊற்றி மூடிவிட வேண்டும். நான் நம் பழக்கத்தில் தட்டைப் போட்டு அழுத்தினேன். "காக், ஜாங்கான் குவாட்," என்று என் கையைப் பிடித்துவிட்டாள். அக்கா, பலமாக அழுத்தாதே, அது மூச்சுவிட வேண்டும் என்கிறாள்.

சொட்டு சொட்டாக இறங்கியது. ஒரு கிளாஸ் காப்பிக்கு ஆறு நிமிடம்! அந்த நேரத்தில் நான் இரண்டு பேருக்குச் சமையலே முடித்திருப்பேன். ஆனால் சிரில் மேஜையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்து ஒவ்வொரு சொட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். டிவியைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. கலக்கி, ஐஸில் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தார்.

போகும்போது ஹோவா டின்னைத் தட்டிக் காட்டினாள். வாங்கும்போது "சூசு" என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கு என்றாள். மலாயில் சூசு என்றால் பால். பாலில் பால் இல்லாத பால் ஒன்று இருக்கிறதா என்ன? தலையாட்டி வைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

நானே போட்டேன். அமுக்கிவிட்டேன் போலிருக்கிறது, பத்து நிமிடம் ஒரு சொட்டும் இறங்கவில்லை. தட்டைத் தளர்த்தினேன், மொத்தமும் தூளோடு கொட்டிவிட்டது. ருசி பார்க்கலாம் என்றால் நேர்ச்சை. விரதக்காரி போட்டு, நாக்கில்லாதவர் குடிக்கிற காப்பி. எங்கள் வீட்டுக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

மார்ச் 25, செவ்வாய்

வீட்டுத் தராசில் ஐம்பது புள்ளி ஆறு.

காப்பி மட்டும் இறங்குகிறது, மற்றது எல்லாம் குறைந்துவிட்டது. ஷாமினிக்குப் போன் செய்து, அங்கிளுக்குக் காப்பியும் டின்பாலும் கொடுக்கிறேன், திட்டுவதானால் திட்டு என்றேன். சர்க்கரை வியாதி இல்லை, இறங்குகிறதைக் கொடுங்கள் என்றாள். இரண்டு மூன்று கிளாஸ்கூடக் கொடுக்கலாமாம். அதிலேயே பால்மாவைக் கலந்துவிடச் சொன்னாள். நாலு மணிக்கு மேல் வேண்டாம், தூக்கம் கெடும்.

ஐம்பது புள்ளி ஆறு. ஐயோ, அரைக் கிலோதான் இடைவெளி. மாதாவே, அந்தக் கிறிஸ்துமஸ்ல நான் சொன்னத காதுல போட்டுக்காத. கோவத்துல சொன்னது. யார்தான் சொல்ல மாட்டா?

மார்ச் 29, சனி

ஹோவா போய்விட்டாள். ஃபின்னை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டாள். லைனில் அவள் நாற்காலியில் திங்கட்கிழமை யாரோ உட்காருவார்கள். அழுகையை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

ஹோவா கொடுத்த டின் நேற்றோடு தீர்ந்தது. ஹரி ராயா பெருநாள் லீவு, பெரிய கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. தெருமுனை மளிகையில் ஓடிப்போய் ஒரு டின்பால் எடுத்து வந்தேன். நான் வருடக்கணக்காகத் தேத்தண்ணிக்கு வாங்குகிற அதே டின். காலையில் மருந்தை அளக்கிற மாதிரி அளந்து போட்டேன். சொட்டு நன்றாக இறங்கியது. ஐஸ் போட்டுக் கொடுத்துவிட்டு யூனிஃபார்ம் மாற்ற ரூமுக்குப் போனேன்.

"பெர்னா, இங்க வா."

எத்தனை மாதமாயிற்று இப்படிக் கூப்பிட்டு! அந்தக் குரல் எனக்குத் தெரியும். குற்றம் கண்டுபிடித்துவிட்ட குரல். போய் நின்றேன். கிளாஸை என் பக்கம் தள்ளினார்.

"என்னத்த ஊத்துன இதுல? இது பாலே இல்ல. எண்ணெ மாதிரி மேல்வாயில ஒட்டுது. அந்தப் பொண்ணு கொண்டுவந்தது இப்படியா இருந்துச்சு? கண்டதையும் வாங்கிட்டு வந்து ஊத்துற."

நான் டின்னை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். கிரிமர். பெரிய எழுத்தில் கிரிமர் என்றுதான் போட்டிருக்கிறது, சூசு என்று எங்கேயும் இல்லை. கீழே பொடி எழுத்தில் பாமாயில். படம் அதேதான், கடையில் அடுக்கியிருக்கிற ராக் அதேதான், நாங்கள் எல்லாரும் டின்பால் டின்பால் என்று சொல்லி வாங்குவதும் அதைத்தான். நான் ஒரு வாய் குடித்துப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நான்தான் விரதமாச்சே.

கண்ணு தெரிஞ்ச எனக்குத் தெரியல. செத்த நாக்குன்னு நான் நினைச்ச நாக்குக்குத் தெரிஞ்சிருக்கு.

சிங்க் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன், சத்தம் போட்டே. சிரில் பயந்துவிட்டார். "ஏய், ஒரு டின்னுக்கா அழற? பரவால்ல, குடிச்சிடறேன்லா," என்றார். குடிக்க வேண்டாம், இன்னொரு தரம் திட்டுங்க என்றேன். என்னைக் கிறுக்கி மாதிரி பார்த்தார்.

லைன் சூப்பர்வைசருக்கு லேட்டாக வருகிறேன் என்று மெசேஜ் போட்டேன். பூச்சோங்கில் ஒரு வியட்நாம் சாமான் கடை இன்று திறந்துவிட்டதாம். கிராப் டாக்ஸி எடுத்துப் போய், கடைக்காரியிடம் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டச் சொல்லி, நிஜமான பால் டின் நாலும் தூள் இரண்டு பாக்கெட்டும் தூக்கிக்கொண்டு வந்தேன். புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்து, "இப்ப சரி," என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கஞ்சியில் உப்பு இல்லையாம். இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுச் சொல்கிறார்.

ஏப்ரல் 9, புதன்

ரசத்தில் புளி பழசு. முட்டை ஒரு நிமிடம் அதிகம். காப்பிக்கு ஐஸ் முந்தி போட்டுவிட்டேன், தண்ணியாகிவிட்டது. ஃபின்னை இப்போது அவரே வைத்துக்கொண்டார். நான் அமுக்குகிறேனாம். எனக்குக் கோபம் வருகிறது. கோபம் வருவது எவ்வளவு நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஐம்பத்தொன்று புள்ளி எட்டு.

செருப்பைக் கழற்றி, பாக்கெட்டில் இருந்த போனை எடுத்து வைத்து, இரண்டு தரம் எடை பார்த்தார்கள். அதேதான். குழாய் வேண்டாம். ஷாமினி காப்பியின் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். சிரில் அவளுக்கு டின்பாலுக்கும் கிரிமருக்கும் உள்ள வித்தியாசம் பற்றிப் பத்து நிமிடம் பாடம் எடுத்தார். வெளியே பதினேழு பேர் காத்திருக்கிறார்கள்! சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

கார் பார்க் படிக்கட்டில் கொஞ்சம் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவையை முத்தமிடும்போது கேட்க ஒன்றும் இல்லை. நன்றி மட்டும்தான்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

காலைப் பூசை முடிந்து வந்து ஆடையைக்கூட மாற்றவில்லை. சிரில் எனக்கு ஃபின் வைத்தார். நாற்பத்தாறு நாளுக்குப் பிறகு முதல் வாய். அடேயப்பா, என்ன கசப்பு, அதன் பின்னாலேயே என்ன இனிப்பு. இதையா இத்தனை நாள் ருசி பார்க்காமல் போட்டுக் கொடுத்தேன்?

அப்போதுதான் சொன்னேன். அந்தக் கிறிஸ்துமஸ், ஆட்டுக்கறி, நான் சொன்ன வார்த்தை. அதற்காகத்தான் காப்பியை விட்டேன் என்றேன்.

சிரில் தன் கிளாஸில் இறங்குகிற சொட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நீ எத்தன தடவ என் ஸ்கூல் பஸ் லைட் கம்பத்துல மோதணும்னு சாபம் விட்டிருக்க? இருபத்திரண்டு வருஷம் ஓட்டுனேன், ஒரு கீறல் விழல. உன் வாய்க்கு அவ்வளவு பவர் இருந்தா நான் என்னைக்கோ போயிருப்பேன்லா."

இந்த மனுஷனிடம் ஆறு வாரமாக மறைத்து வைத்திருந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். என் கிளாஸில் பால் ஒரு கரண்டி கூடிவிட்டது என்று சொன்னேன். வேறு போடட்டுமா என்றார். வேண்டாம், குடித்துவிடுகிறேன் என்றேன்.

மே 11, ஞாயிறு

ஐம்பத்து நாலு. மார்க் வந்திருந்தான். கிள்ளானிலிருந்து கேரன் குடும்பமும் வந்தது. ஆட்டுக்கறியைப் பஞ்சாக வேகவைத்து, குழம்பு நிறைய விட்டு, அதே பிரட்டல். ஹோவாவுக்கு மேஜையை போட்டோ எடுத்து அனுப்பினேன்.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு சிரில் ஒரு வாய் வைத்தார். மெதுவாக மென்றார், தண்ணீர் குடித்தார், விழுங்கினார்.

"பட்டை தூக்கலா இருக்கு," என்றார்.

மார்க் என் முகத்தைப் பார்த்தான், கேரனும் பார்த்தாள். நான் அவர் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி வைத்தேன்.

வேண்டுமென்றேதான் இரண்டு துண்டு பட்டை கூடப் போட்டிருந்தேன்.