இரண்டு தடவை அடித்தால்

கருமத்தம்பட்டி,
3.2.2025

மரியாதைக்குரிய உம்மல் குல்சும் அம்மணிக்கு,

கோடு போட்ட தாளிலும் என் எழுத்து அறுந்த நூல் மாதிரி ஓடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்தொரு வயதில் மாலை வகுப்பில் கற்றது. இதுதான் என் முதல் கடிதம். உங்கள் பெயரை எழுத மூன்று தாள் ஆனது. சந்தோஷமாகத்தான் கிழித்தேன்.

அன்றைக்கு நான் வைப்பதற்குள் போனை எடுத்து, "ஏனுங்க, தெனமும் ஆறு மணிக்கு ஒரு ரிங் உட்டு கட் பண்றீங்களே, ஆருங்க நீங்க?" என்று அதட்டினீர்கள். இப்போது உங்களிடம் இருக்கும் அந்த நம்பர் முன்பு என் மனைவி மயிலாத்தாளுடையது. அவள் தவறி இரண்டு வருஷம். அப்போது எங்கள் இருவருக்கும் எழுத்து தெரியாது; தறிச் சத்தத்தில் போன் பேச்சும் கேட்காது. ஒரு தடவை அடித்து வைத்தால், 'ஊட்டுக்கு வந்துட்டேன்'. இரண்டு தடவை என்றால், 'நேரமாகும், காத்திருக்காம சாப்புடுங்க'. அவள் போன பிறகும் வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை அடிப்பேன். விட முடியவில்லை.

உங்களிடம் பேசி விலாசம் வாங்கிய மறுநாளிலிருந்து, நான் அடித்ததும் அங்கிருந்தும் ஒரு தடவை அடிக்கிறது. திரையில் வரும் பெயரை எழுத்துக் கூட்டி நானே படிக்கிறேன்: மயிலாத்தாள். உடனே அவளுக்கும் தட்டு வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். சோறுதான் ஆறிப்போகிறது. உங்கள் நல்ல மனசுக்கு நன்றி.

இப்படிக்கு,
நஞ்சுண்டன்


கோட்டைமேடு, கோயமுத்தூர்,
10.2.2025

நஞ்சுண்டன் அண்ணனுக்கு,

உங்கள் எழுத்து நன்றாகவே புரிகிறது. அதட்டியதை மனதில் வைக்காதீர்கள்.

பயந்துவிடாதீர்கள் அண்ணா. நான் உங்களுக்கு அடிக்கவே இல்லை. ரீசார்ஜ் முடிந்துபோய் இந்தப் போனிலிருந்து யாருக்கும் அடிக்க முடியாது. வருவது மட்டும் வரும். வெள்ளிக்கிழமை போட்டுத் தருவதாக மகள் மிஸ்பா சொல்கிறாள். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து ஆறு மணியானால் போனை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு உட்காருகிறேன்.

சோற்றை ஆற விடாதீர்கள்.

தங்கை,
உம்மல் குல்சும்


கருமத்தம்பட்டி,
17.2.2025

உம்மல் குல்சும் அம்மணிக்கு,

உங்கள் கடிதத்தை யாரிடமும் கொடுக்காமல் மூன்று நாள் நானே படித்தேன். பயம் வரவில்லை.

முந்தாநாள் சனிக்கிழமை, தறியிலிருந்து வந்து அடித்தேன். இரண்டு தட்டும் வைத்திருந்தேன். அங்கிருந்து அடித்தது, நின்றது. அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் அடித்தது.

வெள்ளிக்கிழமை மிஸ்பா ரீசார்ஜ் போட்டாளா என்று கேட்கமாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம்.

அவள் தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். சோறு சுடச்சுட இருந்தது. சாப்பிட்டேன்.

இனி ஆறு மணிக்கு அந்த நம்பருக்கு அடிக்கமாட்டேன். ஊட்டுக்கு வந்துட்டேன் என்பதை எனக்கு இப்போது எழுதத் தெரியும். அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன்.

அண்ணன்,
நஞ்சுண்டன்