முப்பத்தாறிலிருந்து இருபத்தெட்டு வரை

என்னைக் "கியர் டாக்டரு" என்று கேலி செய்த ஜெயா அக்காவுக்கு,

உன் சைக்கிள் இன்னும் என் கடையில்தான் இருக்கிறது. டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விடுகிற சைக்கிள்கள் வாசலில் வரிசையாக நிற்கின்றன, உன்னுடையது மட்டும் உள்ளே சுவரோரம். யாராவது அதைத் தொட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

அதை வாங்கிய நாளில் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? திங்கள் முதல் சனி வரை சித்திரபுரத்திலிருந்து மேலே பள்ளிவாசல் பக்கம் லாட்ஜ் வேலைக்கு, ஞாயிறு பூசை முடிந்ததும் என்னோடு தேயிலைக் காட்டு மண்பாதைக்கு, இரண்டுக்கும் இந்த ஒரே சைக்கிள். முன்னால் இரண்டு பல்சக்கரம் வேண்டும் என்றாய், ஒன்று தார்ரோட்டுக்கு, ஒன்று ஏற்றத்துக்கு. மண்பாதையில் குலுங்கும்போது செயின் கழன்றுவிடும், ஒன்றே போதும் என்றேன் நான். வழக்கம்போல நான்தான் ஜெயித்தேன். முன்னால் முப்பத்தாறு பல், பின்னால் பெரியது நாற்பத்திரண்டு. நம் ரோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடையாது என்று பீற்றிக்கொண்டேன். ஒரு வருஷம் நீயும் அப்படித்தான் ஓட்டினாய்.

பிறகு ஒரு நாள் கடைக்கு வந்து, "ஏலே, கயற்றம் ஏறயில மூச்சு முட்டுதுலே. கியரு சரியில்லையோ என்னமோ" என்றாய்.

எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? முன்னால் உள்ள பல்சக்கரம் சிறிதாகச் சிறிதாக மிதி லேசாகும் என்று உனக்கு ஒரு பிரசங்கமே செய்துவிட்டு, முப்பத்திரண்டு மாட்டினேன். ஒரு மாதம் நன்றாக இருக்கிறது என்றாய். பிறகு மறுபடியும் அதே பேச்சு. இருபத்தெட்டுக்கு வந்தேன். அதற்குக் கீழே மாட்ட என்னிடம் எதுவும் இல்லை.

"இப்ப இறக்கத்துல காலு சும்மா சுத்துதுலே, லாட்ஜுல உள்ளவங்க பாத்துச் சிரிக்காங்க" என்றாய். ஏற்றம் எப்படி என்று கேட்டேன். "பரவால்ல" என்றாய். அந்தப் பரவாயில்லையை நான் அப்படியே விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "அவ மூஞ்சியே வெளிறிப் போச்சு. ஒருக்கா ஆஸ்பத்திரில காட்டிட்டு வாங்களேன்" என்றாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா, எல்லாம் கியருதான்" என்றேன். நீயும் சிரித்தாய். ஏன் அக்கா சிரித்தாய்? உனக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்ததா? இல்லை, நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாயா? இரண்டில் எது உண்மையானாலும் எனக்கு ஆறுதல் இல்லை.

மலையில் பிறந்தவர்களுக்கு மூச்சு வாங்குவது ஒரு விஷயமே இல்லை. பாதையைத் திட்டுவோம், மழையைத் திட்டுவோம், வண்டியைத் திட்டுவோம். உடம்பைச் சந்தேகப்படுகிற பழக்கம் நம் வீட்டில் அம்மாவைத் தவிர யாருக்கும் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முன்னால் போய், மேட்டில் நின்று போன் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ தள்ளிக்கொண்டு வந்து சேர்வாய். நேரமாகிறதே என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கிறது.

அப்புறம் ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில், லாட்ஜுக்கு முந்தின வளைவில் நீ சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாய். அந்த வழியாக வந்த ஜீப்காரர்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இதயத்தில் ஒரு வால்வு பல வருஷமாகச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது என்றார் டாக்டர். எவ்வளவு நாளாக மூச்சு முட்டுகிறது என்று மலையாளத்தில் கேட்டார்.

"முப்பத்தாறுல இருந்து சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எனக்கு மாதமோ தேதியோ ஞாபகம் வரவில்லை, பற்களின் எண்ணிக்கைதான் வந்தது. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று ஏதோ ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

போன சனிக்கிழமை ஒரு டீச்சரம்மா கடைக்கு வந்தார். ஏற்றம் முன்னைப்போல இல்லை, முன்னால் பல்லைக் குறைத்துக் கொடுங்கள் என்றார். எடுத்த ஸ்பானரைத் திரும்ப வைத்தேன். முதலில் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சொன்னேன். "சைக்கிள் கடைக்கு வந்தா சீக்கு இருக்குங்கீங்களே" என்று முகம் சுளித்துக்கொண்டு போய்விட்டார். இனி வேறு கடையில் செய்துகொள்வார். என் பேச்சை நம்ப வேண்டாத நேரத்தில் நீ நம்பினாய், நம்ப வேண்டிய நேரத்தில் யாரும் நம்புவதில்லை.

நேற்றுக் காலையில் முதல்முறையாக உன் சைக்கிளை ரோட்டில் எடுத்தேன். இதுவரை கடை வாசலில் நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்து உன்னிடம் கொடுத்ததோடு சரி. அந்த வளைவு வரை ஏறினேன். அக்கா, ஒன்றுமே இல்லை. மிதியில் பாரமே இல்லை. பாட்டுப் பாடிக்கொண்டே ஏறலாம், பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஏறிவிடும். இவ்வளவு லேசான கியரிலா நீ மூச்சுக்குத் தவித்தாய்? ஒரே ஒரு நாள் நான் இதில் ஏறிப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். வளைவில் உட்கார்ந்து அழுதேன். பிறகு வேறு வழியில்லாமல் எழுந்து வந்தேன்.

இனி யார் சைக்கிளில் பல்லைக் குறைக்க வேண்டியிருந்தாலும், அவர்கள் ஏறுகிற ஏற்றத்தை அதே சைக்கிளில் நான் ஒரு தடவை ஏறிவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. இதனால் உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்தேதான் கொடுக்கிறேன்.

வேலைக்குப் போகிற அந்த ரோட்டில் ஒரு நாளும் உன்னோடு ஏறி வராத
உன் தம்பி,
அந்தோணி