யாரும் சொல்லாமல் ஒதுங்கியவர்

செம்பூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சாய்நாத்துக்கு,

நானும் ஷ்ருதியும் சௌக்கியம். நீங்களும் அந்தக் காட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். அங்கே டவர் கிடைப்பதில்லை, அதனால் வியாழனன்று முகாமுக்கு வரும் உங்கள் ஆபீஸ் மகேஷ்குமாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கவரை ஒட்டியிருக்கிறேன். யாராவது பிரித்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

ஷ்ருதிக்கு யூனிட் டெஸ்ட் முடிந்தது. கணக்கில் மட்டும் உங்களை உரித்து வைத்திருக்கிறாள். கிச்சன் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பிளம்பர் நான்கு நாளாக "கல் ஆயேகா பாபி", நாளைக்கு வருகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நீங்கள் அனுப்பிய வேட்டைச் சடங்குப் பதிவுகளில் ஐந்தைக் கேட்டு எழுதிவிட்டேன். மாட்டுங்காவில் பிறந்து மராத்தி ஸ்கூலில் படித்த பாவத்துக்கு உங்கள் ஆராய்ச்சிக்குச் சம்பளமில்லாத குமாஸ்தா ஆனேன். அந்தக் காட்டு மக்கள் மராத்தியில் வேகமாகப் பேசினால் உங்களுக்குப் பாதிகூடப் புரியாது. புரிந்திருந்தால் ஐந்தாவது பதிவை எனக்கு அனுப்பியிருக்க மாட்டீர்கள்.

அவர்களுடைய கட்டுப்பாடுகளை நீங்களே நோட்டில் எழுதியிருக்கிறீர்கள். இப்போதெல்லாம் வருஷத்துக்கு ஒரு நாள் வில்லோடு காட்டுக்குள் போய், ஒரு மரத்தில் அம்பை எய்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதற்கும் விதி மாறவில்லை. வீட்டில் சாவோ பிரசவமோ நடந்து தீட்டுக் கழியாதவன் வரக் கூடாது. மனைவியோடு சண்டை போட்டவன் கூடாது. முந்தைய மூன்று இரவுகளில் ஒரு பெண்ணோடு இருந்தவன் கூடாது. யாரும் விசாரிக்க மாட்டார்கள், அவனவனே ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மறைத்துவிட்டுப் போனால் கூட வந்தவர்களில் ஒருவனைக் காடு எடுத்துக்கொள்ளும்.

வேட்டையன்று கால் சுளுக்கி முகாமிலேயே படுத்திருந்ததாக எழுதியிருந்தீர்கள். நானும் தைலம் வாங்கி வைத்தேன். ஆனால் பதிவில் வேட்டைத் தலைவர் சிரித்துக்கொண்டே வேறு சொல்கிறார். பம்பாய்க்காரர் நல்ல மனுஷராம். பூஜை தொடங்கியதும் யாரும் சொல்லாமலே ஒதுங்கி நின்றாராம், காட்டிடம் பொய் சொல்லவில்லையாம். பக்கத்தில் நீங்கள் "ஹோ, ஹோ" என்று ஆமாம் போடுவதும் கேட்கிறது.

மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டேன். நம் இரண்டு பக்கத்திலும் சாவு இல்லை. இந்த வீட்டில் பிரசவம் நடந்து பதினான்கு வருஷம் ஆயிற்று. சண்டை போடுவதற்குக்கூட இரண்டு வார்த்தை பேச வேண்டுமே, அந்த வாரம் டவர் இருக்கும் ஊருக்கு வந்துகூட நீங்கள் ஒரு போன் பண்ணவில்லை. மிச்சம் என்ன என்று நான் எழுத வேண்டுமா? கால் சுளுக்குதான் என்று நம்பத்தான் பார்க்கிறேன். அந்தக் காலோடு பூஜை இடம்வரை எப்படி நடந்தீர்கள்? தலைவர் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் இன்னும் டைப் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாக்பூர் ரயிலில் வருகிறீர்கள். நான் எதுவும் கேட்க மாட்டேன். யார் என்றும் கேட்க மாட்டேன். மறைக்க ஒன்றும் இல்லையென்றால் நேரே வீட்டுக்கு வாருங்கள், சாதம் வைத்திருப்பேன். இருக்கிறதென்றால் முன்னாலேயே தாணேயில் இறங்கி உங்கள் அண்ணா வீட்டுக்குப் போய்விடுங்கள். ஷ்ருதியிடம் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன். காட்டுக்குக் கொடுத்த மரியாதையை இந்த வாசலுக்கும் கொடுங்கள், போதும்.

தாணேயில் வண்டி நிற்கும்போது நீங்கள் எழுந்திருக்காமல் இருக்கக் கடவுள் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
சாதனா