மரக்கறிப் படம் போட்ட பைக்கற்

மாங்கேணி
12.02.2025

அன்பு மகள் துசாந்தினிக்கு,

இருவரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். என்னைப் பற்றி அது உண்மை. அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பெட்டி போன வெள்ளிக்கிழமை வந்தது. முப்பது பைக்கற் நூடில்ஸ், ஒன்றும் நொறுங்கவில்லை. முன்பக்கம் கோவா, கரட், வெங்காயத்தாள் என்று மரக்கறிப் படம். பின்பக்கம் முழுவதும் ஜப்பான் எழுத்து. வாசிக்கத் தெரியாததால் எங்கள் ஊர்க் கடை நூடில்ஸைச் செய்வது போலவே ஞாயிறு மதியம் செய்தேன். இரண்டு பைக்கற்றை அவித்து, தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டு, வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து, தூள் முழுவதையும் மேலே கொட்டிப் பிரட்டினேன். வாயில் வைத்ததும் திகைத்துப் போனேன். உப்பளத்தை நக்கியது போல இருந்தது. அம்மா ஒரு வாய் எடுத்தாள். கோப்பையை மூக்கருகே பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு, "இஞ்சேருங்க, உங்கட மகள் அங்க உப்புக் கொம்பனியிலயா வேல செய்யிறாள்?" என்றாள். அவள் பகிடி விட்டுக் கனகாலம்.

இனி அம்மா. கிளினிக்கில் நிறுத்தார்கள். நாற்பத்தொரு கிலோ. போன வருடம் இதே மாதம் நாற்பத்தேழு. "ஐயா, வருத்தம் ஒண்டும் இல்ல. சாப்பாடுதான் காணாது. மீன், முட்டை குடுங்க" என்றார் டொக்டர். அவருக்கு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்கள் மகன் ஜெயந்தன், 2007 ஜனவரி 17ஆம் திகதி, வீட்டில விட்ட சைக்கிள எடுத்துட்டு வாறன் எண்டு நாங்கள் இடம்பெயர்ந்திருந்த முகாமில இருந்து போனவன். வரவில்லை. அவன் வரும்வரைக்கும் மீனும் முட்டையும் தொடமாட்டன் எண்டு இவ அம்மனுக்குச் சொன்னவ." டொக்டர் பேனையை மூடிவிட்டார்.

வேறு செய்தி: அம்மாவுக்கு முழங்கால் நோவு. அது மாற ஒவ்வொரு மாதமும் 19ஆம் திகதி கோயிலுக்குப் போய் விளக்கேற்றுகிறாள். தெருநாய்த் தொல்லையும் கூட. அண்ணன் வந்தால் திறந்திருக்க வேண்டும் என்று வருடக்கணக்காகப் படலையைப் பூட்டாதவள், ஒரு வருடமாகப் பொழுதுபட்டதும் பூட்டுகிறாள். நான் பிறகு போய்த் திறந்துவிடுகிறேன்.

போனில் உன் குரல் எனக்கு வெறும் இரைச்சல். வலது காதில் கிட்ட இருந்து கதைத்தால்தான் விளங்குகிறது. அம்மாவோ "ஓம் மகள், சாப்பிட்டன்" என்று வைத்துவிடுவாள். ஆகவே செய்முறையைக் கடிதத்தில் எழுது. நிமிடக் கணக்கோடு எழுது.

அன்புடன் அப்பா,
நாகரெத்தினம்


ஷிசுவோகா
03.03.2025

என் அப்பாவுக்கு,

கடிதத்தை முதியோர் இல்லத்தில் இடைவேளைக்கு வாசித்தேன். சாற்றை வடித்து ஊற்றினீர்களா? கூட வேலை செய்யும் பெண்ணுக்கு அதைச் சொன்னேன். நான் யாரோ இறந்த செய்தியைச் சொன்னது போல வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த நூடில்ஸுக்கு இங்கே ராமென் என்று பெயர். ராமெனில் சாறுதான் சாப்பாடு அப்பா. நூடில்ஸ் அதற்குத் துணை.

நாற்பத்தொரு கிலோ என்பதை மூன்று முறை வாசித்தேன். நான் இங்கே முன்பின் தெரியாத கிழவிகளுக்குக் கரண்டி கரண்டியாக ஊட்டுகிறேன். நீங்கள் என் கைக்குப் பதிலாக இதைச் செய்யுங்கள்.

ஒரு பைக்கற் அம்மாவுக்கு மட்டும். தூளைச் சட்டியில் போடவே வேண்டாம். பாதித் தூளைக் கோப்பையின் அடியில் போட்டு வையுங்கள், மீதியை மடித்துவிடுங்கள். நல்லெண்ணெய் இரண்டு கரண்டி, அதில் நாலு பல் உள்ளியும் விரலளவு இஞ்சியும் தட்டிப் போட்டு, சிறுதீயில் பொன்னிறமாக விடுங்கள். கறுத்தால் கைக்கும், அப்படி வந்தால் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். ஒரு கரண்டி எள்ளை வறுத்து இடித்து அதோடு சேர்த்துவிடுங்கள். ஒன்றரைக் கோப்பை தண்ணீர், கரட், கோவா, கிடைத்தால் காளான். பத்து நிமிடம் கொதிக்கட்டும். இறக்குகிற நேரம் கட்டித் தேங்காய்ப்பால் இரண்டு மேசைக்கரண்டி. அதற்குப் பிறகு கொதிக்கவிட்டால் திரைந்துபோகும்.

நூடில்ஸை வேறு சட்டியில் அவியுங்கள். பைக்கற்றில் மூன்று நிமிடம் என்று போட்டிருக்கிறது. நீங்கள் இரண்டரையில் வடியுங்கள், மிச்சம் கோப்பைக்குள் வேகும். முதலில் சாற்றைத் தூளின்மேல் ஊற்றிக் கலக்கி, பிறகு நூடில்ஸ். மேலே ஒரு பிடி முருங்கை இலை, வெங்காயத்தாள், இடித்த செத்தல் மிளகாய் ஒரு சிட்டிகை, தேசிக்காய் நாலு சொட்டு. சத்தம் போட்டு உறிஞ்சலாம். இங்கே அது குறை இல்லை.

அம்மாவுக்கு என்றுதான் கடையில் அரை மணித்தியாலம் நின்று மரக்கறிப் படம் போட்டதாகத் தேடி எடுத்தேன். பயமில்லாமல் கொடுங்கள்.

உங்கள்
துசா


மாங்கேணி
02.06.2025

அன்பு மகளுக்கு,

நம்பமாட்டாய் என்பதால் திகதியோடு எழுதுகிறேன். மார்ச் 23, ஞாயிறு, பகல் பன்னிரண்டே கால். அம்மா கோப்பையைக் கையில் எடுத்தாள். நான் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தேன். கோப்பை காலி. நாயின் சட்டியில் கொட்டிவிட்டாளோ என்று போய்ப் பார்த்தேன். அதுவும் காலி, ஆனால் காய்ந்து கிடந்தது. அம்மாவின் மூக்கு வியர்த்திருந்தது. "என்ன மனிசன் நீங்க, தேடுறீங்க? குடிச்சிட்டன்" என்றாள். நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஞாயிறும் புதனும். நேற்றோடு பத்தொன்பது கோப்பை. கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு வாரத்தில் மட்டும் வேண்டாம் என்றுவிட்டாள். "மரக்கறிதானே, விரதத்துக்கு என்ன பிழை?" என்று கேட்டேன். "அந்த ஏழு நாளும் வேணாம்" என்றாள். சடங்குக் காரியத்தில் நான் தலையிடுவதில்லை.

போன வியாழன் நிறுத்தார்கள். நாற்பத்திநாலரை கிலோ. டொக்டர் தராசை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறச் சொன்னார். அதே நாற்பத்திநாலரை. "என்ன குடுக்கிறீங்க ஐயா?" என்றார். ராமென் என்றேன். என் காது கேளாததால் வேறு எதற்கோ பதில் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

இன்னும் ஒன்பது பைக்கற்தான் இருக்கிறது. ஜப்பானில் இருந்து எத்தனை காலம் அனுப்புவாய்? அந்தத் தூளை இங்கேயே இடித்துப் பார்க்கலாம் என்று யோசிக்கிறேன். பைக்கற்றின் பின்பக்கத்தை வெட்டி இதோடு ஒட்டியிருக்கிறேன். அதில் சாமான்கள் என்று தெரிகிற ஒவ்வொரு சொல்லையும் வட்டமிட்டு இலக்கம் போட்டிருக்கிறேன். பதினான்கு வட்டம். ஒவ்வொன்றுக்கும் தமிழில் எழுதி அனுப்பு. முப்பத்தொரு வருடம் பிரதேச நிருபராக இருந்தவன், வாசிக்காத ஒன்றை இத்தனை நாள் வீட்டில் வைத்திருந்ததே பிழை.

அன்புடன்
அப்பா


ஷிசுவோகா
19.06.2025

அப்பா,

இதை அம்மா பக்கத்தில் இல்லாதபோது வாசியுங்கள்.

ஏழு வட்டம் வரை எழுதினேன். கோதுமை, உப்பு, சீனி, சோயா, உள்ளி, எள்ளு, ஈஸ்ட். எட்டாவது வட்டத்தில் என் கை நின்றுவிட்டது. அது மீன் அப்பா. சூரை மீனை அவித்து, புகையில் காயவைத்து, இடித்த தூள். எங்கள் மாசிக் கருவாடு மாதிரியே.

நான் பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கு வாசிக்கத் தெரியும். வாசிக்கத்தான் எனக்கு இங்கே சம்பளம் தருகிறார்கள், மருந்துப் போத்தலை, உணவு அட்டவணையை. அம்மாவின் பைக்கற்றை மட்டும் படத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறேன். இங்கே மரக்கறிச் சாற்றுக்கும் இந்தத் தூளைத்தான் போடுவார்கள், யாரும் அதை மீன் என்று நினைப்பதில்லை. பத்து வருடத்தில் நானும் அப்படி ஆகிவிட்டேன் போலிருக்கிறது.

பத்தொன்பது கோப்பை. பதினெட்டு வருடம் காத்த சொல்லை நான் பெட்டியில் அடைத்து அனுப்பிக் கெடுத்துவிட்டேன். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் வராமல் போனால் அதற்கு நான்தான் காரணம் என்று அம்மா நினைப்பாவா? கேட்கவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மீதிப் பைக்கற்றுகளைப் புதைத்துவிடுங்கள். சொல்வதா, மறைப்பதா என்று நீங்களே முடிவெடுங்கள். போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

துசா


மாங்கேணி
11.07.2025

அன்பு மகள் துசாந்தினிக்கு,

உன் கடிதம் ஜூலை 4, வெள்ளி, பதினொரு மணிக்குக் கிடைத்தது. தபாற்கந்தோர் வாங்கிலேயே இருந்து வாசித்தேன். கடைசிப் பைக்கற்றை அம்மா அதற்கு இரண்டு நாள் முன்புதான் குடித்து முடித்திருந்தாள். புதைக்க ஒன்றும் இல்லை.

கிடைத்த செய்தியை மூன்று நாள் வெளியே விடாமல் வைத்திருந்தது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை பின்னேரம் அம்மா முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"சீதேவி, அந்தத் தூளில மீன் கிடக்கு."

கை நிற்கவில்லை. "ஓம்" என்றாள்.

"ஓமெண்டா?"

"சூரை. நல்லாப் புகையக் காட்டி இடிச்சது. மாங்கேணில கரவலைக்காரன்ட வீட்டுல பொறந்தவளுக்கு மாசி மணக்காதா? நீங்க உப்பா அள்ளிப் போட்டுத் தந்தீங்களே, அண்டைக்கே தெரியும்."

எனக்குக் காதுதான் பிழையாகக் கேட்டுவிட்டது என்று நினைத்தேன். திரும்பச் சொல்லச் சொன்னேன். அவள் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு என் வலது பக்கம் வந்து இருந்தாள். அவள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

2023 டிசம்பரில், நான் காதுக் கிளினிக்குக்குப் போயிருந்த ஒரு நாள், வினாயகமூர்த்தி என்று ஒருவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். இந்தியாவில் அகதி முகாமில் பதினாறு வருடம் இருந்துவிட்டு வாகரைக்குத் திரும்பியவர். அன்று அண்ணனோடு ஒரே பாதையில் நடந்து வந்தவர். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"மறுகா ஏன் எனக்குச் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க எழுதிருவீங்க. நீங்க எழுதினா அது உண்மையாப் போயிரும்" என்றாள். பிறகு, "நீங்க படலையத் திறந்துபோட்டுட்டு வந்து படுக்கிறத ஒவ்வொரு நாளும் பாத்தனான். எந்த வாயால சொல்லுற?" என்றாள்.

"அப்ப நேர்த்தி?"

"அம்மனுக்குச் சொல்லி முடிச்சிட்டன். உங்களுக்குத்தான் சொல்ல ஏலல்ல. சட்டியில மீன் போட்டா ஏன் எண்டு கேப்பீங்க. இது நீங்களே காய்ச்சித் தந்தீங்க. குடிச்சன்."

துசா, ஜனவரி 17 அவன் போன நாள். அவள் விளக்கேற்றியது 19ஆம் திகதி. நான் முழங்கால் என்று எழுதினேன். படலைக்கு நாய் என்று எழுதினேன். குளிர்த்திக்கு அவள் அந்தச் சாற்றைத் தொடவில்லை, அதற்குச் சடங்கு என்று எழுதினேன். எல்லாத் தகவலும் என் கையெழுத்தில் உனக்கு வந்திருக்கிறது. நான்தான் வாசிக்கவில்லை. பின்பக்கத்தைப் பார்க்காத குற்றம் உன்னுடையது மட்டும் இல்லை.

ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கேட்டு நான் எதையும் எழுதியதில்லை. புதன்கிழமை பஸ் எடுத்து வாகரைக்குப் போனேன். வினாயகமூர்த்தி தச்சு வேலை செய்கிறார். என்னைக் கண்டதும் பலகை அறுக்கும் வாளில் வைத்த கையை எடுக்காமல் நின்றார். சைக்கிள் என்ன நிறம் என்று கேட்டேன். பச்சை என்றார். வேறு அடையாளம் கேட்டேன். யோசித்துவிட்டு, "பின் கரியர் முறிஞ்சு, செப்புக் கம்பியால கட்டியிருந்தது ஐயா. மூண்டு சுத்து" என்றார்.

அதைக் கட்டியது நான். வேறு யாருக்கும் தெரியாது. பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் என்னைத் தன் வாங்கில் இருத்தி, சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் எவ்வளவு சந்தோசமாக வந்தான் என்று காதருகே சொன்னார். வழியெல்லாம் மணியை அடித்துக்கொண்டு வந்தானாம்.

ஆகவே எழுதுகிறேன். நாகரெத்தினம், சீதேவி ஆகியோரின் மகன் ஜெயந்தன், வயது பத்தொன்பது, 2007 ஜனவரி 19 வெள்ளிக்கிழமை காலை, காயான்கேணிக்கு அருகே வீதியில், ஷெல் விழுந்து இறந்தான். கூட வந்த இருவர் அவனை வாவிக்கரைக் கண்டல் மரமொன்றின் கீழ் அடக்கம் செய்தார்கள்.

இந்த மூன்று வரிக்கு எனக்குப் பதினெட்டு வருடமும் ஐந்து மாதமும் எடுத்தது. எழுதி முடித்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சரி" என்றாள். வயதைக் கேட்டபோதுதான் அழுதாள்.

நீ அண்ணனுக்கு ஒன்றும் கெடுதல் செய்யவில்லை. நீ அனுப்பிய பெட்டி இல்லாவிட்டால் இவள் நாற்பது கிலோவுக்கும் கீழே போயிருப்பாள், வாயைத் திறந்திருக்கவும் மாட்டாள்.

இன்று மதியம் கடை நூடில்ஸில் உன் முறைப்படி செய்தேன். தூளுக்குப் பதிலாக நல்ல மாசித்துண்டு வாங்கி, சுட்டு, உரலில் இடித்தேன். அம்மா ஒரு கெழுத்தி மீனும் கழுவிக்கொண்டு வந்து, கேட்காமலே சாற்றுக்குள் போட்டாள். இரண்டு கோப்பை. முதன்முறையாக நானும் குடித்தேன். "உப்பு அளவு" என்றாள்.

பொழுதுபட்டுவிட்டது. அம்மா இன்று படலைப் பக்கம் போகவில்லை. நான் போய்ப் பூட்டிவிட்டு வந்து இதை முடிக்கிறேன்.

அப்பா