கொதிக்க வைத்த குறடு

நாகர்கோவில், 1954 ஆகஸ்ட் 12, வியாழன், காலை 10.10. அம்மாவுக்கு முப்பத்தெட்டாவது பென்சிலின் ஊசி போட்டு ஐந்து நிமிஷம் ஆகிறது.

அன்பு மகள் ஜெபகுமாரிக்கு, கர்த்தர் உன்னை மதராஸில் சுகமாய் வைத்திருக்கட்டும், இங்கே நான் சுகம், உன் அம்மாவுக்குச் சுகமில்லை. முதலில் காரியம். சனிக்கிழமை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப்போவதாக எழுதியிருந்தாயே, பிடுங்காதே. தந்தியும் கொடுத்திருக்கிறேன், காரணம் தந்தியில் அடங்காது.

ஜூன் கடைசியில் அம்மாவுக்குப் பல்வலி, வடசேரி பல் டாக்டர் இரண்டு நாள் கழித்துத்தான் வருவார் என்றார்கள், எனக்குப் பொறுக்கவில்லை. பல் பிடுங்கும் குறடு ஒன்றை இருபது நிமிஷம் கொதிக்க வைத்து, கையை ஸ்பிரிட்டில் கழுவி நானே பிடுங்கினேன். ஆஸ்பத்திரி லேபில் பதினாறு வருஷம் இருப்பவன், வெளியிலிருந்து ஒரு கிருமியை உள்ளே விடவில்லை என்று பெருமை வேறு. பத்தாம் நாள் காய்ச்சல். மலேரியா என்று கொயினா கொடுத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபின் அவள் ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று கல்ச்சர் வைத்ததும் நான்தான். ஆறாம் நாள் மைக்ராஸ்கோப்பில் பாசிமணி கோத்த மாதிரி கிருமி, எல்லார் வாயிலும் சும்மா கிடக்கிற ஜாதி, உன் வாயிலும் உண்டு. பல் பிடுங்கின புண் வழியாக ரத்தத்தில் இறங்கும், நல்ல இதயத்தை ஒன்றும் செய்யாது, வால்வு பழுதென்றால் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்.

சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று டாக்டர் கேட்டபோது அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு வயதில் அந்தக் காய்ச்சலில் மூன்று மாதம் படுத்திருந்தாளாம், அதுதான் வால்வைக் கெடுத்துவைக்கும். பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்லக்கூடாதென்று வீட்டில் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள், அதை இருபது வருஷமாய்க் காப்பாற்றியிருக்கிறாள். ஏன் சொல்லலே என்று கத்தினேன். நீங்க கேட்டியளா, குறடைத் தூக்கிட்டு வந்து வாயைத் தொறன்னுதானே சொன்னிய என்றாள்.

பிறகுதான் உன் கதை வந்தது. உனக்கு ஒன்பது வயதில், நான் மேல் ட்ரெயினிங்குக்காக வெளியூரில் இருந்தபோது, முழங்கால் வீங்கிக் கிடந்தாயே, அதை வளர்த்தி வலி என்று எனக்கு எழுதினாள். அதுவும் இதே காய்ச்சல்தான். புதுக்கடையிலே பேசின கல்யாணம் முடியட்டும், பிள்ளைக்கு எழுதாதீங்கோ என்று இன்றைக்கும் கெஞ்சினாள். எழுதிவிட்டேன். மக்கா, டாக்டரிடம் நீயே வாய்திறந்து சொல், நெஞ்சைப் பார்க்கச் சொல். பழுதிருந்தால் பென்சிலின் போட்டபின்தான் பல்லில் கை வைக்க வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல் இன்னும் நூற்றொன்று. பிழைப்பாள் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

தேவ சமாதானம் உன்னோடு இருக்கட்டும். தந்தி கிடைத்ததும் பதில் தந்தி கொடு.

உன் அப்பா,
செல்வதாஸ்

நான் செய்யப்போவது:

1. ஒரு மணிக்கு அடுத்த ஊசி.
2. நாளை மறுபடியும் ரத்தம் எடுத்துக் கல்ச்சர். என்ன வளர்ந்தாலும் உனக்கு மறைக்கமாட்டேன்.
3. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் புதுக்கடை போய் மாப்பிள்ளை வீட்டில் உன் காய்ச்சலைச் சொல்வேன். வேண்டாமென்றால் அவர்கள் இஷ்டம்.
4. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பேன். இதுவரை கேட்கவில்லை.